ஸ்கியோப்பெத்தீனோ ஒயினில் இந்த மிளகு வாசனை எங்கிருந்து வருகிறது?

மீனா_ரா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஒயின் பற்றி அதிகம் தெரியாது. ஆனால் ஒரே ஒரு ஒயினைப் பற்றி நிறையக் கேட்க வேண்டியிருக்கு. தெரிஞ்சவங்க கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

நவம்பர்ல நானும் கணவரும் இத்தாலியோட வடகிழக்கு மூலையில இருக்கிற ஃப்ரியூலிக்குப் போயிருந்தோம். ஊதினேயிலிருந்து சின்ன ரயில்ல சிவிதாலே, அங்கிருந்து கார்ல ப்ரெபோத்தோன்னு ஒரு கிராமம். அந்தப் பக்கம் ஸ்லோவேனியா எல்லை. அங்கே ஒரு குடும்பம் வீட்டை ஒட்டியே திராட்சைத் தோட்டம் வச்சிருக்காங்க. வீட்டுக்குக் கீழேயே பீப்பாய் அறை. பாட்டி, மகன், மருமகள், இவங்க மூணு பேர்தான் கொடி கவாத்துலேருந்து பாட்டில்ல லேபிள் ஒட்டுறது வரைக்கும் எல்லா வேலையும்.

அவங்க ஊத்திக் கொடுத்த சிவப்பு ஒயின் பேர் ஸ்கியோப்பெத்தீனோ. 2014 அறுவடை. கிளாஸை மூக்குக்கிட்ட கொண்டுபோனதுமே மிளகு! லேசா எங்கேயோ மிளகு மாதிரின்னு சொல்ற அளவு இல்லை, அப்பத்தான் உரல்ல இடிச்ச மிளகு. அதுக்குப் பின்னாடிதான் கருப்புச் செர்ரியும் கொஞ்சம் ஊதாப்பூ வாசனையும் வந்துச்சு. ஆனா குடிச்சா நாக்குல காரமே இல்லை. நல்ல புளிப்பு, மெல்லிசான துவர்ப்பு, அவ்வளவுதான்.

என் சந்தேகங்கள் இதுதான். ஒயின்ல மிளகு ஏதாவது போடுறாங்களா? பாட்டிகிட்டக் கேட்டேன், சிரிச்சுட்டுக் கொடியைக் காட்டினாங்க. என் இத்தாலிய மொழி அதுக்கு மேல போகலை. ரெண்டாவது, பக்கத்துல உட்கார்ந்து அதே கிளாஸை முகர்ந்த கணவருக்கு மிளகு துளிகூடத் தெரியலை. நல்ல செர்ரி வாசனைன்னு மட்டும் சொன்னார். நான் கற்பனை பண்றேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு. மூணாவது, அதே வீட்டுல 2022 அறுவடையில ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்தோம். ஒண்ணைத் திறந்தோம். ஒயின் நல்லாத்தான் இருந்தது, ஆனா மிளகு எங்கேயோ தூரத்துலதான். பழம்தான் முன்னாடி நிக்குது. வழியில கெட்டுப்போச்சா? இல்லை, இது ஒயினே வேறயா?

அந்தக் குடும்பம் ஏமாத்தினாங்கன்னு நான் நினைக்கவே இல்லை. காரணம் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.

---

ரகு_கே எழுதியது:

மிளகு, கிராம்பு, பட்டை மாதிரி வாசனைகள் பெரும்பாலும் ஓக் மரப் பீப்பாயிலிருந்து வரும். பீப்பாய் செய்யும்போது பலகையின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். அந்த வாட்டலுக்கு ஏற்ப ஒயினில் மசாலா வாசனை ஏறும். 2014-ஐப் புதுப் பீப்பாயிலும் 2022-ஐப் பழைய பீப்பாயிலும் வைத்திருப்பார்கள், அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். கணவருக்குத் தெரியாமல் போனது பழக்கமின்மையாக இருக்கலாம். நாலைந்து முறை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், பிடிபடும்.

---

கொடிக்கால்_சேகர் எழுதியது:

மீனா, நீங்கள் கற்பனை செய்யவில்லை. பாட்டி கொடியைக் காட்டினாரே, அதுவே முழுப் பதில். நான் இந்த மலைப்பகுதியில்தான் கொடி வேலை செய்கிறேன். குளிர்காலத்தில் கவாத்து, கோடையில் இலை கிள்ளுவது, அறுவடையில் குலை வெட்டுவது. ஸ்கியோப்பெத்தீனோ எனக்கு மிகவும் நெருக்கமான கொடி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த மிளகு வாசனை திராட்சையின் தோலில் இருக்கிறது. அதற்குக் காரணமான பொருளின் பெயர் ரொட்டண்டோன். ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனைக்கு இதுதான் காரணம் என்று 2008-ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். மிளகில் மிளகின் வாசனையாக இருப்பதும் இதே பொருள்தான். அதனால் உங்கள் மூக்கு எதையும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, உள்ளதையே முகர்ந்தது. ரோஸ்மேரி, தைம், ஓரிகனோ இலைகளிலும் இது உண்டு. கோரைக்கிழங்கில் இருப்பது அதற்கும் முன்பே தெரியும்.

இதன் வீரியம் நம்ப முடியாதது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். ஸ்கியோப்பெத்தீனோவிலும் இது இருக்கிறது என்பதைத் த்ரென்தோ பக்கம் சான் மிக்கேலே அல்லாதிஜேயில் உள்ள எட்மண்ட் மாக் அறக்கட்டளை ஆய்வாளர்கள் 2011-ல் அளந்து காட்டினார்கள். அதே வருடம் அவர்களே வெஸ்போலினா என்ற வேறொரு ரகத்தை வைத்துச் செய்த ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது. திராட்சையில் இருக்கும் ரொட்டண்டோனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் நொதிக்கும்போது சாற்றில் இறங்குகிறது. பாட்டில் வரைக்கும் வந்து சேருவது 6 சதவீதம் அளவுக்குத்தான். மிச்சமெல்லாம் பிழிந்த சக்கையோடு போய்விடுகிறது. அப்படி மிஞ்சி வரும் கொஞ்சம்தான் உங்களை இவ்வளவு தூரம் கேட்க வைத்திருக்கிறது!

நாக்கில் காரம் இல்லாததற்கும் காரணம் உண்டு. மிளகில் காரம் கொடுப்பது பைப்பரின் என்ற வேறு பொருள். அது திராட்சையில் கிடையாது. ஆகவே இந்த ஒயினில் மிளகின் வாசனை மட்டும் வரும், எரிச்சல் வராது. வெளியிலிருந்து மிளகு போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐரோப்பியச் சட்டப்படி வாசனைப் பொருள் சேர்த்தால் அது வாசனையூட்டிய ஒயின் என்ற தனி வகைக்குப் போய்விடும். தோட்டப் பகுதியின் பெயரைப் போட்டு விற்க முடியாது.

கணவர் விஷயம். ரகு, இதைப் பழக்கமின்மை என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆஸ்திரேலிய ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரொட்டண்டோன் வாசனையே தெரியவில்லை. தண்ணீரில் லிட்டருக்கு 4000 நானோகிராம் கலந்து கொடுத்தும் தெரியவில்லை. அது மூக்கின் பிறவி அமைப்பு. எத்தனை முறை முகர்ந்தாலும் வராது. எங்கள் அறுவடைக் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஸ்கியோப்பெத்தீனோ செய்தவர், அவருக்கு அதில் மிளகு தெரியாது. ஒயினில் வேறு எந்தக் குறை இருந்தாலும் முதல் ஆளாய்ச் சொல்லிவிடுவார். உங்கள் கணவரைத் திட்ட வேண்டாம். அவர் குடிப்பது வேறு ஒயின், அதுவும் நல்ல ஒயின்தான்.

இப்போது 2014-க்கும் 2022-க்கும் வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ரொட்டண்டோன் காய் பருவத்தில் கிட்டத்தட்ட இல்லை. பச்சைக் காய் நிறம் மாறிய பிறகு, பழுக்கும் கடைசி வாரங்களில்தான் தோலில் சேர்கிறது. அந்த வாரங்களில் குலைக்குள் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டி நெடுநேரம் நின்றால் சேர்வது குறைகிறது. குளிர்ந்த வருடம், மழை உள்ள வருடம், நிழலில் தொங்கும் குலை, இவற்றிலெல்லாம் மிளகு கூடும். 2014 வட இத்தாலி முழுக்கக் கோடையே வராத வருடம். ஜூலையிலும் மழை, ஆகஸ்டிலும் மழை. பல தோட்டக்காரர்கள் நொந்துபோனார்கள். பழம் முழுசாய் இனிப்பு ஏறவில்லை, அழுகல் பிடித்தது. அந்த வருடத்து ஒயினை வீட்டுப் பாட்டி எடுத்து ஊற்றினார் என்றால், கெட்டதையெல்லாம் கையால் பொறுக்கி எறிந்து, மிஞ்சிய நல்ல குலைகளை மட்டும் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் முகர்ந்தது அந்தக் குளிர்ந்த மழைக்கோடையை. 2022 நேர் எதிர். வறட்சி, வெயில், ஆறுகள் வற்றிய கோடை. அந்த வருடம் பழம் முன்னால் நிற்பதும் மிளகு பின்னால் போவதும் இயல்பு. உங்கள் பாட்டில் கெடவில்லை, ஏமாற்றும் இல்லை. ஒரே மண், ஒரே குடும்பம், ஒரே கொடி. வானம்தான் வேறு.

எங்கள் வேலையே இங்கேதான் இருக்கிறது. குலையைச் சுற்றி இலை கிள்ளினால் காற்றோட்டம் வரும், பூஞ்சை வராது. ஆனால் அதிகமாய்க் கிள்ளினால் வெயில் குலையைச் சுடும், மிளகு போய்விடும். அதனால் காலை வெயில் படும் கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ளி, மத்தியான வெயில் அடிக்கும் பக்கம் இலையை விட்டுவிடுவோம். ஸ்கியோப்பெத்தீனோவின் குலை பெரியது, மணியும் பெரியது, பழுக்கத் தாமதமாகும். அக்டோபர் வரை கொடியில் நிற்கும். அத்தனை நாளும் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் வேலை. பெரிய நிறுவனங்கள் இயந்திரத்தை ஓட்டி ஒரே நாளில் இலை உருவிவிடும். மூன்று பேர் உள்ள வீட்டில் வரிசை வரிசையாய்க் கையால்தான் செய்ய வேண்டும். அதனால்தான் இந்த ஒயினைச் சின்னக் குடும்பங்களிடம் வாங்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது.

ரகு சொன்ன பீப்பாய் வாசனையும் உண்மைதான், ஆனால் அது வேறு. ஓக் மரம் கொடுப்பது கிராம்பு, வெனிலா, புகை, கொஞ்சம் ஜாதிக்காய். கிராம்பில் இருக்கும் யூஜெனால் ஓக்கிலும் உண்டு. அந்த வாசனையில் ஓர் இனிப்புச் சாயல் இருக்கும். மிளகு வாசனை வறண்டது, கூர்மையானது. புதுப் பீப்பாய் அதிகமானால் இந்த மிளகை மூடிவிடும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்தக் கொடி இன்றைக்கு இருப்பதே பெரிய விஷயம் என்பதையும் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி வந்து ஐரோப்பாவின் கொடிகளை அழித்தது. திரும்ப நட்டபோது இங்குள்ளவர்கள் மெர்லோ, கபெர்னே என்று பிரெஞ்சு ரகங்களுக்குப் போய்விட்டார்கள். ஸ்கியோப்பெத்தீனோ சில வீட்டுக் கொல்லைகளில், வரிசைகளின் ஓரத்தில் ஒன்றிரண்டாய் மிஞ்சியது. பிறகு அனுமதிக்கப்பட்ட ரகங்களின் பட்டியல் வந்தபோது அதில் இதன் பெயரே இல்லை. புதிதாய் நடச் சட்டம் இடம் தரவில்லை.

1970-ல் பாவ்லோ ரபுட்ஸி, தீனா ரபுட்ஸி என்ற தம்பதி ப்ரெபோத்தோ பக்கம் சால்லா பள்ளத்தாக்கில் கைவிடப்பட்ட ஒரு பண்ணையை வாங்கினார்கள். பாவ்லோ அதுவரை ஒலிவெத்தி நிறுவனத்தில் வேலை செய்தவர். சுற்றிலும் செஸ்நட், ஓக் காடு. நடுவில் கொஞ்சம் சரிவு. அவர்கள் மெர்லோ நட்டிருந்தால் நிம்மதியாய்ப் பிழைத்திருக்கலாம். அதைச் செய்யாமல், அக்கம்பக்கத்தில் மிஞ்சியிருந்த ஸ்கியோப்பெத்தீனோ கொடிகளைத் தேடித் தேடிக் குச்சி வெட்டி வந்து நட்டார்கள். அனுமதி இல்லாத கொடி என்று தெரிந்தே செய்தார்கள்.

அதே நேரம் கிராப்பா என்ற திராட்சைச் சக்கைச் சாராயம் வடிக்கும் நொனீனோ குடும்பம் இன்னொரு பக்கத்திலிருந்து இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. பெனீத்தோவும் ஜன்னோலாவும் 1973-ல் பிக்கொலித் என்ற ஒரே ரகத்தின் சக்கையிலிருந்து மட்டும் கிராப்பா வடித்தார்கள். அடுத்துப் பழைய உள்ளூர் ரகங்களின் சக்கையைத் தேடியபோது, அந்த ரகங்களை நடவே அனுமதி இல்லை என்று தெரிந்தது. அதனால் 1975-ல் ஒரு பரிசை அறிவித்தார்கள். ஃப்ரியூலி மொழியில் அதன் பெயர் ‘ரிசித் தவுர்’, பொற்கொடி என்று சொல்லலாம். அழிந்துகொண்டிருந்த ஸ்கியோப்பெத்தீனோ, பின்யோலோ, தாத்ஸெலெங்கே போன்ற ரகங்களைக் காப்பாற்றுபவருக்கு அந்தப் பரிசு. 1976-ல் முதல் பரிசு ரபுட்ஸி குடும்பத்துக்கு. ப்ரெபோத்தோ ஊராட்சியும் அதிகாரிகளிடம் போய் நின்றது. 1970-கள் முடிவதற்குள் கொடிக்கு அனுமதி கிடைத்தது. ரபுட்ஸி வீட்டின் முதல் ஸ்கியோப்பெத்தீனோ 1977 அறுவடை. ‘ரோங்கி தி சால்லா’ என்ற பெயரில் இன்றும் அவர்கள் பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

நீங்கள் போன வீடு எதுவானாலும் சரி, அந்தப் பாட்டி காட்டிய கொடி இந்த வழியாக வந்ததுதான். இங்கே வேலை செய்யும் எங்களுக்கு அது சாதாரண விஷயம் கிடையாது.

---

ரகு_கே எழுதியது:

நன்றி சேகர். யூஜெனால், ரொட்டண்டோன் என்று பிரித்துச் சொன்னது தெளிவாகப் புரிந்தது. ஒரு கேள்வி. மிளகு கூடும் என்றால் வேண்டுமென்றே முழுக்க நிழலில் வளர்த்தால் என்ன?

---

கொடிக்கால்_சேகர் எழுதியது:

நிழல் அதிகமானால் பச்சை வாடை வரும், பழம் பழுக்காது, துவர்ப்பு முரடாகும், பூஞ்சை பிடிக்கும். மிளகு மட்டும் இருந்து பழம் இல்லையென்றால் அது குடிக்கிற ஒயின் ஆகாது ரகு. இரண்டும் சேர்ந்து நிற்கிற எல்லை ரொம்பக் குறுகல். ப்ரெபோத்தோவில் அது இயற்கையாகவே அமைந்திருக்கிறது. பகலில் தெற்கே ஏட்ரியாட்டிக் கடலின் வெதுவெதுப்பு, இரவில் வடக்கே ஜூலியன் ஆல்ப்ஸ் பக்கமிருந்து இறங்கும் குளிர், நடுவில் யூத்ரியோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. மண்ணை இங்கே போங்கா என்பார்கள். சுண்ணாம்புக் களியும் மணற்கல்லும் அடுக்கடுக்காய் இருக்கும். மழையில் கரைந்து உதிரும், கையால் நொறுக்கலாம்.

---

தேவகி_ஜெ எழுதியது:

இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருப்பது பியெமொந்தே, அதாவது இத்தாலியின் எதிர் மூலை. மிளகு பிடித்திருக்கிறது என்றால் மீனா இந்தப் பக்கமும் ஒருமுறை வர வேண்டும்.

சேகர் அண்ணா சொன்ன 2011 ஆய்வில் ஸ்கியோப்பெத்தீனோவோடு சேர்த்து வெஸ்போலினா என்ற எங்கள் ரகத்தையும் அளந்தார்கள். இது வட பியெமொந்தேயில் கத்தினாரா, கெம்மே, போக்கா பக்கம் வளர்வது. பரோலோ ஒயின் செய்யும் நெப்பியோலோ ரகத்தின் வாரிசு. பெரும்பாலும் நெப்பியோலோவோடு கொஞ்சம் கலப்பார்கள், கெம்மே ஒயினில் லேசாய் மிளகு தெரிந்தால் இதுவாக இருக்கும். சில சின்ன வீடுகள் வெஸ்போலினாவைத் தனியாகவும் பாட்டிலில் அடைக்கிறார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பெலவெர்கா. பரோலோ ஒயினுக்குப் பெயர்போன லாங்கே குன்றுகளில் வெர்துனோ என்று ஒரு குட்டிக் கிராமம். அங்கேயும் பக்கத்தில் ரொத்தி, லா மோர்ரா ஊர்களின் ஒரு பகுதியிலும் மட்டும்தான் வெர்துனோ பெலவெர்கா என்ற பெயரில் செய்ய முடியும். 1995-லிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப்படி தனித் தகுதி. நிறம் வெளிர், கிட்டத்தட்ட ரோஜா நிறத்துக்குக் கொஞ்சம் மேலே. ஸ்ட்ராபெர்ரி வாசனையோடு வெண்மிளகு. லேசாய்க் குளிரவைத்துக் குடிக்கலாம். பரோலோ விளைகிற விலையுயர்ந்த நிலத்தில் இப்படி ஒரு மலிவான கொடியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வீட்டில் கேட்டேன். தினமும் சாப்பாட்டுக்கு நாங்கள் குடிப்பது இதுதான் என்றார்கள். புர்லோத்தோ, கஸ்தெல்லோ தி வெர்துனோ இரண்டும் தேடக்கூடிய பெயர்கள், இரண்டும் குடும்பத் தோட்டங்கள்தான்.

ரூக்கே என்று அஸ்தி பக்கம் ஒன்று உண்டு, அதிலும் மிளகுச் சாயல் வரும். ஆனால் அதில் ரோஜாதான் ராணி. மிளகைத் தேடி அங்கே போனால் ஏமாற்றமாக இருக்கும்.

---

மீனா_ரா எழுதியது:

சேகர் அண்ணா, தேவகி அக்கா, ரகு, ரொம்ப ரொம்ப நன்றி. கணவர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். ‘ஐந்தில் ஒருவர்’ வந்ததும் நிம்மதியாயிட்டார். 2014 மழை பத்திச் சொன்னது எனக்கு மறக்காது. அன்னைக்கு அந்தப் பாட்டி பாட்டிலை எடுக்க உள்ளே போய் ரொம்ப நேரம் தேடினாங்க, ஏன்னு இப்போ புரியுது.

இன்னும் கொஞ்சம் கேட்கலாமா? மிச்சம் இருக்கிற 2022 பாட்டிலை என்ன பண்றது? எந்தச் சாப்பாட்டோட குடிக்கணும்? நாங்க ரெண்டு பேரும் சைவம், அங்கே எல்லா இடத்திலயும் மான் கறி, வாத்துன்னுதான் சொன்னாங்க. அடுத்த தடவை வாங்கும்போது லேபிள்ல என்ன பார்க்கணும்?

---

கொடிக்கால்_சேகர் எழுதியது:

தாராளமாய்க் கேளுங்கள்.

2022-ஐ இப்போது திறக்காதீர்கள். வெளிச்சம் படாத, 12 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும் இடத்தில் படுக்கவைத்து வையுங்கள். நான்கைந்து வருடம் போகட்டும். முன்னால் நிற்கும் பழம் அடங்கும். ரொட்டண்டோன் சீக்கிரம் அழிகிற பொருள் கிடையாது, பாட்டிலுக்குள் நின்று பிடிக்கும். அதனால் மிளகு கூடுவதில்லை என்றாலும், பழம் விலகியதும் தெளிவாய்த் தெரிய வாய்ப்பு உண்டு. 2014 அளவுக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேறு ஒரு நல்ல குணம் வரும்: காய்ந்த பூ, ஈர மண், கொஞ்சம் தோல் வாசனை. திறக்கும் நாளில் 16 டிகிரி போதும். அதற்கு மேல் சூடானால் ஆல்கஹால் மூக்கில் ஏறி மிளகை அமுக்கிவிடும். வாய் அகன்ற பெரிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாய் ஊற்றுங்கள், முதல் கிளாஸை அவசரப்படாமல் குடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே பாட்டில் வேறு மாதிரிப் பேசும்.

சாப்பாடு. ஃப்ரியூலியில் சைவத்துக்கு வழி இல்லை என்று யார் சொன்னது? முதலில் ஃப்ரிக்கோ. மொன்தாஸியோ பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வாணலியில் இரண்டு பக்கமும் பொன்னிறமாய் வரும்வரை வாட்டுவது. உள்ளே இழுபடும், வெளியே மொறுமொறுப்பு. அந்தக் கொழுப்பை இந்த ஒயினின் புளிப்பு வெட்டிக்கொண்டு போகும். பக்கத்தில் பொலெந்தா என்ற மக்காச்சோளக் களி. பாலாடைக்கட்டியில் பாலை உறையவைக்கும் விலங்கு ரென்னெட் இருக்கும், அதில் கண்டிப்பாக இருப்பவர்கள் என்றால் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்தது காளான். இலையுதிர் காலத்தில் இங்கே காட்டில் கிடைக்கும் போர்ச்சினியை வெண்ணெயில் வதக்கி, கடைசியில் தைம் இலை தூவுவார்கள். முன்பு சொன்னேனே, தைமிலும் ரொட்டண்டோன் உண்டு. ஒயினும் தட்டும் ஒரே வாசனையைப் பகிர்ந்துகொள்ளும். எனக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி தெரியாது, இறைச்சியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பார்லியும் பீன்ஸும் போட்ட கெட்டி சூப்பும் நன்றாய்ப் போகும், ஆனால் உணவகங்களில் பன்றி எலும்பு போட்டு வேகவைப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மிளகாய்க் காரம் உள்ள எதையும் இதோடு வைக்க வேண்டாம். ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தை இன்னும் ஏற்றும், மென்மையான இந்த ஒயின் காணாமல் போகும்.

லேபிளில் ‘ஃப்ரியூலி கொல்லி ஒரியெந்தாலி’ என்ற பெயர் இருக்க வேண்டும், அது இந்தக் கிழக்குக் குன்றுகளின் பெயர். அதோடு ‘ஸ்கியோப்பெத்தீனோ தி ப்ரெபோத்தோ’ என்று இருந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் விளைந்து, கூடுதல் காலம் வைத்து எடுத்தது. ‘சால்லா’ என்பது தனி உட்பகுதி. சில பாட்டில்களில் ரிபொல்லா நேரா என்று இருக்கும், அதுவும் இதே கொடிதான். வெள்ளை ஒயினான ரிபொல்லா ஜாள்ளாவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது முற்றிலும் வேறு கொடி. சாதாரண ஸ்கியோப்பெத்தீனோ இங்கே 15, 20 யூரோவுக்குக் கிடைக்கும். பழைய வருடங்களும் பெயர்பெற்ற வீடுகளும் அதைவிட நன்றாகவே கூடும்.

மிளகைக் கலப்பில்லாமல் பார்க்க வேண்டும் என்றால் ரோங்கி தி சால்லாவின் ‘ரினேரா’ தேடுங்கள். அதே கொடி, மரத்தில் வைக்காமல் இளமையாய் வெளியிடுவது. அதே வீட்டின் ‘ஸ்கியோப்பெத்தீனோ தி சால்லா’ சிறிய பிரெஞ்சுப் பீப்பாயில் வளர்ந்து, பல வருடம் காத்திருந்து வருவது. புதுப் பீப்பாய் பற்றி நான் முன்பு சொன்னதற்கு அது ஒரு பெரிய விதிவிலக்கு. அவர்கள் காட்டும் பொறுமைதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ரகு சொன்ன பீப்பாய் விஷயத்துக்கும் பதில் கிடைத்துவிடும். ப்ரெபோத்தோவைச் சேர்ந்த அல்பானாவில் பெத்ருஸ்ஸா, விந்யா பெத்ருஸ்ஸா என்று இரண்டு வீடுகள் உண்டு. பெயரைப் பார்த்து ஒன்று என்று நினைத்துவிடுவார்கள். தனித்தனிக் குடும்பத் தோட்டங்கள், இரண்டும் இந்தக் கொடிக்காக நிறைய உழைத்தவை.

திரும்ப வருவதென்றால் இரண்டு நாள் முன்பே ஃபோன் செய்துவிட்டு வாருங்கள். இங்கே விருந்தினரைக் கவனிக்கத் தனி ஆள் கிடையாது, கதவைத் திறப்பவர்தான் காலையில் டிராக்டர் ஓட்டியவர். செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் நடு வரை தவிர்த்துவிடுங்கள், அறுவடை. வந்ததும் புது வருடத்தை மட்டும் வாங்காமல், 2014 இன்னும் இருக்கிறதா என்று அந்தப் பாட்டியிடம் கேளுங்கள். விலைப்பட்டியலில் போடாமல் நாலு பாட்டில் எல்லா வீட்டிலும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். மழைக்கோடை ஒயினைத் தேடி ஒருவர் இவ்வளவு தூரம் வந்தார் என்று தெரிந்தால் கொடுக்க மனசு வரும்.

---

மீனா_ரா எழுதியது:

குறிச்சு வச்சுக்கிட்டேன் அண்ணா. தைமும் காளானும் இந்த வாரமே பண்ணிப் பார்க்கிறேன், ஒயின் இல்லாமலே. பாட்டில் படுத்தாச்சு.